மூன்று அத்தியாயங்களில் ஒரு நாற்காலி

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு கட்டில் வந்தது. கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் மேலே எழும்புமே, அந்த மாதிரி ஆஸ்பத்திரிக் கட்டில். வத்தலக்குண்டிலிருந்து சின்ன லாரியில் ஏறி, மலை வளைவுகளில் எல்லாம் ஆடிக் குலுங்கி வந்து சேர்ந்தது. கொண்டுவந்த இரண்டு பேரும் கூடத்தில் வைத்து அதை மாட்டிக்கொண்டிருந்தபோது நான் பில்லை வாங்கிப் பார்த்தேன். எல்லோரும் முதலில் பார்ப்பது விலையை. நான் பார்த்தது பொருளின் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், அது எந்த வரிவகை என்று காட்டும் எச்.எஸ்.என். எண்ணை. 9402 என்று இருந்தது.

"பரவாயில்ல, சரியாப் போட்டிருக்கான்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்த மகள் தலையைத் தூக்கினாள். "என்னத்தம்மா சரியாப் போட்டிருக்கான்?"

"தொண்ணூத்தி நாலு பூஜ்ஜியம் ரெண்டு. ஆஸ்பத்திரிக் கட்டில், பல் டாக்டர் நாற்காலி, முடிவெட்டுற கடை நாற்காலி, மூணுக்கும் அதான் நம்பர்."

"அப்ப நான் படுக்கப் போறது சலூன் சேரோட தங்கச்சி மேலயா? சூப்பர்ம்மா. கட்டிங் ஷேவிங் உண்டா?"

சிரித்தாள். அவள் சிரித்து முடிக்கும்வரை நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு வாரத்துக்கு முன்பு, பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில், மழையில் அவள் ஸ்கூட்டர் சறுக்கியது. தொடை எலும்பு. மதுரையில் ஆபரேஷன். டாக்டர் நன்றாகக் கூடி வருகிறது என்கிறார். அவளும் நன்றாக இருக்கிறாள். அவள் அப்பாவும் பழையபடி கிரிக்கெட் பார்க்கிறார். வீட்டில் இன்னும் கூடாமல் இருப்பது நான் ஒருத்திதான். போன் அடித்தால் கையில் இருக்கும் பாத்திரம் தரைக்குப் போகிறது. அவள் இருமினால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறேன். "இருமலுக்கும் தொடைக்கும் கனெக்‌ஷனே இல்லம்மா" என்கிறாள். இல்லைதான். எனக்குத் தெரியாதா? கால்களுக்குத் தெரியவில்லை, அவை ஓடிவிடுகின்றன.

அந்தக் கட்டிலிலிருந்து புதுப் பெயின்ட் வாடை வந்தது. அதோடு அட்டைப்பெட்டி வாடை, உள்ளே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கின் வாடை. கண்ணை மூடிக்கொண்டால் போதும், நான் இருபத்திரண்டு வயதில் கோடைக்கானல் ஏழு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையின் மாடியில் உட்கார்ந்திருப்பேன். அங்கேதான் எனக்கு இந்த எண்கள் எல்லாம் தொற்றிக்கொண்டன. சிலருக்குப் பழைய பாட்டு வரிகள் மறக்காது. எனக்கு இறக்குமதித் தீர்வை எண்கள்.

அப்போதெல்லாம் கோடைக்கானலுக்கு வெளிநாட்டிலிருந்து ஆசிரியர்கள், மிஷன் குடும்பங்கள் என்று வருவதும் போவதுமாக இருப்பார்கள். சும்மா வரமாட்டார்கள். வீட்டையே பெயர்த்துக் கப்பலில் போட்டுத் தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டு, பின்னாலேயே வருவார்கள். அந்தச் சாமான்களைச் சுங்கத்திலிருந்து மீட்டு மலையேற்றுவதுதான் எங்கள் ஆபீசின் சோலி. ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மொத்தம் இரண்டு பேர். ஒருவர் சேவியர் அண்ணன், முதலாளி. தூத்துக்குடிக்காரர், பெண்டாட்டி பிள்ளைகளும் அங்கேதான். கோடைக்கானல் குளிரைப் பதினைந்து வருஷமாக எதிர்த்து நின்றவர். காதுவரை இழுத்துவிட்ட குரங்குக் குல்லாய் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை, மே மாதத்திலும் சரி. இன்னொருவர் நான். டைப் அடிப்பேன், போன் எடுப்பேன், வகை பிரிப்பேன்.

இந்த வகை பிரிப்பதில்தான் எனக்குக் கர்வம். வீட்டுக்காரர்கள் பெட்டிக்கு ஒரு எண் போட்டு, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் அனுப்புவார்கள். ஒவ்வொரு பொருளும் தீர்வைப் புத்தகத்தின் எந்த அத்தியாயத்தில், எந்த எண்ணில் வரும் என்று நான் எழுத வேண்டும். எண் மாறினால் வரி மாறும். மரச்சாமான்களுக்குத் தொண்ணூற்று நான்காம் அத்தியாயம். அது ஒரு விசித்திரமான கூட்டுக்குடும்பம். பிரித்துப் போட்டால் கட்டிலாகிற சோபா அங்கே கட்டில் இல்லை, இருக்கைதான். பஞ்சு அடைத்த ரஜாய் மேசை நாற்காலிகளோடு அதே அத்தியாயத்தில் குடியிருக்கும். ஆனால் கம்பளிக்கு அங்கே இடம் கிடையாது, துணிகளோடு போய்விட வேண்டும். ஆள் உயரக் கண்ணாடி நாலு மரக்கால் ஊன்றித் தரையில் நின்றாலும் அது மரச்சாமான் ஆகாது, கண்ணாடியோடுதான் சேரும். பியானோ இசைக்கருவி. அதற்கு முன்னால் போட்டு உட்காரும் ஸ்டூல் மரச்சாமான்.

நாங்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, ஒரே ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய குடும்பம். எங்கள் வீட்டில் வகை பிரிக்க ஒன்றும் இருந்ததில்லை. அப்படிப்பட்டவள் உட்கார்ந்து யாரோ ஒருவர் வீட்டுப் பதினாறு முள்கரண்டிகளையும் சாலட் கிண்ணத்தையும் ஆராய்ச்சி செய்ததை நினைத்தால் இப்போது சிரிப்புத்தான் வருகிறது. அப்போது சிரிக்கவில்லை. தலைக்கு ஏறிவிட்டது. என் கல்யாணத்தில் யாரோ ரஜாயும் கம்பளியும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தபோது, மணமேடையில் நின்றுகொண்டு இவை இரண்டையும் தனித்தனியாக அல்லவா கட்டியிருக்க வேண்டும் என்று யோசித்தவள் நான். மாப்பிள்ளை என்னவோ வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்.

தீர்வைப் புத்தகம் ஒன்றுதான் இருந்தது. தலையணை கனம். மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போகும். சுவர் வியர்க்கும், கார்பன் தாள் பிசுபிசுக்கும், ஸ்டாம்புகள் ஒன்றோடு ஒன்று கல்யாணம் கட்டிக்கொள்ளும். அந்தப் புத்தகத்தின் முன்பக்கங்கள் இருபதோ இருபத்தைந்தோ ஒன்றாக ஒட்டி ஒரே அப்பளமாகக் கிடந்தன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"முன்னுரையா இருக்கும்மா. முன்னுரைய எவன் படிக்கான்? நம்பர் எல்லாம் பின்னாலதான இருக்கு" என்றார் சேவியர் அண்ணன்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மூன்று வருஷம் அந்த அப்பளத்தைப் புரட்டிப் போட்டுவிட்டு நேராக எண்களுக்குப் போனேன். ஒரு கேள்வி வந்ததில்லை. தேன்மொழியின் நாற்காலி வரும்வரை.

தேன்மொழி பள்ளங்கியில் பூண்டு விவசாயம் செய்த பழனிச்சாமி அண்ணனின் மகள். அப்போது ஏழு வயது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு முதுகு நிற்காது. உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிவாள். கை வரும், வாய் நன்றாக வரும், புத்தி எங்கள் எல்லோரையும்விட வேகமாக வரும். பழனிச்சாமி அண்ணன் வாரம் ஒருமுறை பூண்டு மூட்டையை டவுனுக்குக் கொண்டுவந்து பங்களா பங்களாவாக விற்பார். மூட்டை தலையில், மகள் இடுப்பில். எங்கள் மாடிப்படியிலும் அப்படியே ஏறி வருவார்.

"என்ன டைப்பு அக்கா, இன்னைக்கு எத்தன தப்பு?" என்று அவள் அங்கிருந்தே கேட்பாள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முந்தின வருஷமே அவளைச் சேர்க்கப் பார்த்தார்கள். பூண்டுச் சாக்கை மடித்து முட்டுக்கொடுத்துச் சுவரோரம் உட்கார வைத்தார்களாம். அரை மணி நேரத்தில் சரிந்து விழுந்து நெற்றி புடைத்துவிட்டது. தலைமை ஆசிரியை பயந்துபோனார். ஒற்றை ஆசிரியையாகப் பள்ளியை ஓட்டியவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். "நிமுந்து உக்காந்தா மறுநிமிசம் பேரு எழுதிக்கிறேன், பழனிச்சாமி. விழுந்து கிழுந்து வச்சா நான் என்ன பதில் சொல்ல?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பூண்டு வாங்கும் வீடுகளில் ஒன்றில் ஒரு வெளிநாட்டு ஆசிரியை இருந்தார். ஓய்வு பெற்று ஊருக்குப் போனவர், போன இடத்தில் இதை மறக்கவில்லை. தன் ஊரில் ஒரு பிள்ளைக்குச் சிறிதாகிப்போன நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கினார். முதுகையும் பக்கவாட்டையும் தாங்கிப் பிடிக்கிற, வார் போட்ட நாற்காலி. கோடைக்கானலுக்கு மாற்றலாகி வரும் இன்னொரு குடும்பத்தின் சாமான்களோடு அதையும் ஏற்றிவிட்டு எங்களுக்குக் கடிதம் போட்டார். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் தேன்மொழி அதில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கடிதத்தை நான்தான் பழனிச்சாமி அண்ணனுக்குப் படித்துச் சொன்னேன். அவர் மறுநாள் ஒரு படி மலைப்பூண்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அறை ஒரு வாரம் மணத்தது.

அந்தக் குடும்பத்தின் பட்டியலில் பெட்டிகள் ஐம்பதுக்குமேல். முப்பத்தொன்றாவது பெட்டி: மெத்தை வைத்த இருக்கை, வார்களுடன், கால்கள் இல்லை. இதுதான் தேன்மொழியுடையது, கால்களை ஊரில் தச்சர் போட்டுக்கொள்வார் போலிருக்கிறது என்று நினைத்தேன். இருக்கை என்று போட்டு, தொண்ணூற்று நான்கில் சேர்த்தேன். முப்பத்திரண்டாவது பெட்டி: மடக்கிய இரும்புச் சட்டம், நான்கு சக்கரங்கள். அந்தக் குடும்பத்தின் பெட்டி தூக்கும் தள்ளுவண்டி என்று முடிவு செய்தேன். முப்பத்துமூன்று: மரத்தட்டு, ஓரம் வளைத்தது. சமையலறைச் சாமான், மரத்தால் ஆனது. அதற்கு வேறு அத்தியாயம். அன்றைக்கு எனக்கு என்மேல் ரொம்பத் திருப்தி. ஒரு சின்ன மரத்தட்டைக்கூட நான் விட்டுவிடவில்லை, பார்த்தீர்களா.

பள்ளி திறக்க ஐந்து நாள் இருக்கும்போது தூத்துக்குடியிலிருந்து எங்கள் ஆள் போன் செய்தான். மற்ற பெட்டிகள் எல்லாம் விட்டாயிற்று, இந்த மூன்று மட்டும் நிற்கிறது என்றான்.

"ஆபீசர் கேக்காரு. காலே இல்லாத நாக்காலிய ஒருத்தன் எதுக்குக் கப்பல்ல கொண்டாரான்? பெட்டி வச்சா வழுக்கி விழுற மாதிரி ஒரு தள்ளுவண்டி, அது எதுக்கு? தட்டுல அரைவட்டமா வெட்டியிருக்கே, அதுல என்னத்தத் திங்கதுன்னு கேக்காரு. விளக்கம் வேணுமாம்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அரைவட்டம். பிள்ளையின் வயிறு வந்து பொருந்துகிற இடம். தட்டு நாற்காலியின் முன்பக்கம் மாட்டுவது. இரும்புச் சட்டம்தான் அதன் கால். ஒரு பிள்ளை உட்கார வேண்டிய ஒற்றைச் சாமானை நான் மூன்று அத்தியாயங்களில் பிய்த்துப் போட்டிருந்தேன். மூன்றுக்கும் சேர்த்துப் போட்டிருந்த வரி, பழனிச்சாமி அண்ணன் இரண்டு போகம் பூண்டு விற்றாலும் கட்ட முடியாதது. கட்டினாலும், விளக்கம் இல்லாமல் விடமாட்டார்கள்.

"அண்ணே, இப்ப என்னண்ணே பண்றது?"

குல்லாய்க்குள் விரலை விட்டுச் சொறிந்தார் சேவியர் அண்ணன். "பிரிச்சு வந்த சாமானுக்குன்னு என்னமோ ரூல் உண்டும்மா. எங்க மாமா சொல்லுவாரு. எங்கயோ எழுதியிருக்கும்."

இருவரும் ஒரே நேரத்தில் அந்த அப்பளத்தைப் பார்த்தோம்.

கத்தியை விட்டுப் பிரிக்கப் பார்த்ததில் ஒரு மூலை கிழிந்தது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கீழே டீக்கடைக்கு ஓடினேன். வெந்நீர்ப் பாய்லரின் ஆவியில் பிடித்தேன். கடைக்காரர் அலறினார்.

"ஏம்மா, இட்லி வேகுற எடத்துல பொஸ்தகத்த வேக வைக்கிறியே! தின்னவா போற?"

"பத்து நிமிசம் அண்ணாச்சி."

"சட்னி வேணுமா, சாம்பாரா?"

பக்கம் பக்கமாகப் பிரிந்து வந்தது. அது முன்னுரை இல்லை. வகை பிரிப்பதற்கான அடிப்படை விதிகள். இரண்டாவது விதியிலேயே இருந்தது: கழற்றிப் பிரித்த நிலையில் ஒன்றாகக் கொண்டுவரப்படும் பொருளை, முழுப் பொருளாகவே கருத வேண்டும். மூன்று வருஷமாக என் கைக்குக் கீழேயே இருந்த வரி. அதற்குப் பிறகு பின்னால் புரட்டினேன். நடக்க இயலாதவர்களுக்கான சக்கர வண்டி மரச்சாமானே இல்லை. எண்பத்தேழாம் அத்தியாயம். கார், லாரி, டிராக்டரோடு அதே அத்தியாயம். வரிச்சலுகை உண்டு.

போனில் சொன்னோம். "பேப்பர்ல மாத்திட்டா போதாதாம். மூணும் ஒண்ணுதான்னு நேர்ல வந்து காட்டணுமாம்" என்றான் எங்கள் ஆள். கேட்பதும் நியாயம்தான். முதலில் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களே நாங்கள்.

வெள்ளிக்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸுக்கு நானும் சேவியர் அண்ணனும் நின்றோம். பழனிச்சாமி அண்ணன் வந்தார். சாமானை மாட்ட அவர் வேண்டும், மருந்தடிக்கும் பம்பையே பிரித்து மாட்டுகிறவர். இடுப்பில் தேன்மொழி, தலைக்கு எண்ணெய் வைத்து, பட்டுப்பாவாடையில்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எட்டு மணி நேரம் பஸ்ஸுண்ணே, பிள்ளைய எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க? அங்க பேப்பர் காட்டுனாப் போதும்."

"பேப்பர்ல நீங்க ஒருக்கா தப்பா எழுதிட்டீங்கல்ல தங்கச்சி" என்றார், கோபமே இல்லாமல். "பிள்ளையில தப்பு வராது. பாத்தா வெளங்கிரும்."

அன்று அது எனக்கு ஊசி குத்தியதுபோல் இருந்தது. படிக்காத மனிதர், ஆபீஸ் நடைமுறை தெரியவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சென்ற மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் வெளிச்சப் பலகையில் எக்ஸ்ரேயை மாட்டி அதையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது, நான் அவர்கள் கோட்டைப் பிடித்து இழுத்து, "அங்க இல்ல டாக்டர், அவ இங்க படுத்திருக்கா, இவளப் பாருங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, நான் யாருடைய குரலில் பேசினேன் என்று.

மலையை விட்டு முதல்முறை இறங்கிய தேன்மொழி வத்தலக்குண்டு வரை வாந்தி எடுத்தாள், மதுரை வரை தூங்கினாள், அப்புறம் தூத்துக்குடி வரை பேசினாள். ஏன் இங்கே மலையைக் காணோம், எடுத்துவிட்டார்களா என்று கேட்டாள். ஊருக்குள் பஸ் நுழைந்ததும் சேவியர் அண்ணன் குல்லாயைக் கழற்றிப் பையில் போட்டார். அவருக்குத் தலைநிறைய முடி இருந்தது. மூன்று வருஷமாக வழுக்கை என்றே நம்பியிருந்தேன்.

சுங்கக் கிடங்கு ஒரு பெரிய தகரக் கொட்டகை. உள்ளே உப்பும் எண்ணெயும் கலந்த வெக்கை. ஆபீசர் வெள்ளைச் சீருடையில் இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காகிதத்தைப் படிக்கிற மனிதர். என் பழைய பட்டியலையும் புதுக் கடிதத்தையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இது யார் டைப் பண்ணது?"

"நான்தான் சார்."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

"முதல்ல சமையல் தட்டுன்னீங்க. இப்ப வண்டிங்கிறீங்க. அடுத்த வாரம் வந்தா கப்பல்னு சொல்வீங்களா?"

கிடங்கில் இருந்த சுமை தூக்கும் ஆட்கள் எல்லாம் சிரித்தார்கள். சேவியர் அண்ணனும் சிரித்தார், அதை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

"மாட்டுங்க, பாப்போம்" என்றார் ஆபீசர்.

பழனிச்சாமி அண்ணன் மகளை என் மடியில் வைத்துவிட்டு மூன்று பெட்டிகளையும் பிரித்தார். யாரிடமோ ஸ்பேனர் இரவல் வாங்கினார். சட்டத்தை விரித்தபோது அது சொடுக்கென்று பூட்டிக்கொண்டது. இருக்கை அதன்மேல் அளவாக இறங்கியது. நான்கு போல்ட்டையும் முடுக்கி, வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, கடைசியாகத் தட்டை மாட்டினார். அரைவட்டம் வயிற்றுக்கு நேராக வந்தது. மொத்தம் கால் மணி நேரம். நான் பிய்த்துப் போட எடுத்துக்கொண்ட நேரமும் ஏறக்குறைய அதுதான்.

மகளைத் தூக்கி உட்கார வைத்து வார்களைப் போட்டார். கையை எடுக்கவில்லை. தோளைப் பிடித்தபடியே நின்றார். அப்புறம் ஒரு கையை எடுத்தார். அப்புறம் மற்றதை. ஒரு பக்கமாக விழும் என்று நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்த தலை நேராகவே இருந்தது.

தேன்மொழி இப்படியும் அப்படியும் பார்த்தாள். "அப்பா, தள்ளி நில்லு" என்றாள்.

அவர் ஓரடி நகர்ந்தார்.

"இன்னும் தள்ளிப்பா. முழுசாத் தெரிய மாட்டேங்குது."

அவர் பின்பக்கமாகவே நகர்ந்து போய், அடுக்கிவைத்த மூட்டைகளில் முதுகு முட்டி நின்றார். அவள் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏழு வருஷத்தில் அவள் அப்பாவை எட்ட இருந்து நிமிர்ந்து பார்த்ததே இல்லை. அவர் எங்கே இருந்தாரோ அங்கேதான் அவளும் இருந்தாள், அவர் இடுப்பில்.

"எம்புட்டு ஒசரம்!" என்றாள்.

ஆபீசர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஏதோ எழுதினார். "ஒரே பொருள். வண்டி. சரிதான்" என்றார். இனி மேலிடத்தில் கையெழுத்து ஆகி, வெளியே விடும் முத்திரை விழ இரண்டு மணி நேரம் ஆகும், அதுவரை சாமான் கிடங்கில்தான் இருக்க வேண்டும் என்றார். பழனிச்சாமி அண்ணன் வாரை அவிழ்க்கக் குனிந்தார். கொட்டகைத் தகரம் அதிர ஒரு கத்தல்.

"எறங்க மாட்டேன்!"

ஆபீசரே வந்து குனிந்தார். "பாப்பா, இந்த வண்டி இன்னும் ஒன்னோடது ஆகலம்மா."

"பெறகு யாரோடது?"

"கவர்மென்ட்டோடது."

"அவுக எங்க இருக்காக?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு யாரும் இல்லை. "நான்தான்னு வச்சுக்கோ."

"அப்ப நீங்க தள்ளுங்க."

சுமை தூக்கும் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஆபீசர் பேனாவைப் பையில் சொருகினார். "கிடங்கை விட்டு வெளிய போகக்கூடாது, அது சட்டம்" என்று எங்களைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு தள்ளினார். இறக்குமதியான மரக்கட்டைகளுக்கும் இயந்திரப் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு சுற்று. அவர் விட்டதும் சுமை தூக்கும் ஆட்கள் முறை போட்டுக்கொண்டார்கள். முத்திரை விழுவதற்குள் அந்தக் கிடங்கில் அவள் பார்க்காத சரக்கு இல்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் நிறுத்தச் சொல்லி, "டைப்பு அக்கா, இது எந்த அத்தியாயம்?" என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல, ஆபீசர் மேசையில் இருந்தபடியே, "தப்பு", "சரி" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு தப்பு.

அன்று சேவியர் அண்ணன் வீட்டில் தங்கி, மறுநாள் மலையேறினோம். திங்கட்கிழமை பள்ளிக்குள் வண்டி உருண்டு போனது. தலைமை ஆசிரியை சொன்ன சொல் தவறாமல் அதே நிமிஷம் பேர் எழுதிக்கொண்டார். மதியத்துக்குள் பக்கத்துப் பிள்ளையோடு ஓயாமல் பேசுகிறாள் என்று புகாரும் வந்துவிட்டது.

மூன்று வருஷத்தில் அந்த நாற்காலி அவளுக்குச் சிறிதாகிவிட்டது. அடுத்ததை உள்ளூர் வெல்டரே பார்த்துப் பார்த்துச் செய்துகொடுத்தார். இப்போது அவள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் போனும் கணினியுமாக உட்கார்ந்திருக்கிறாள். லாரி டிரைவர்கள் அவளிடம் பொய் சொல்லப் பயப்படுகிறார்கள் என்று கேள்வி.

எங்கள் ஆபீஸ் இருந்த மாடியில் இன்று வீட்டில் செய்த சாக்லேட் விற்கிறார்கள். சேவியர் அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. வீட்டைப் பெயர்த்துக்கொண்டு கப்பலில் வருகிறவர்களும் அநேகமாக இல்லை, இரண்டு சூட்கேசோடு வந்து இங்கேயே வாங்கிக்கொள்கிறார்கள். தீர்வைப் புத்தகம் கைபேசிக்குள் இருக்கிறது. எந்த மூடுபனி வந்து அதன் பக்கங்களை ஒட்டப்போகிறது? பட்டியலைக் கணினி சரிபார்க்கிறதாம், முக்கால்வாசிப் பெட்டிகளைத் திறப்பதே இல்லையாம். தப்பு குறைவாகத்தான் இருக்கும். பள்ளங்கிப் பள்ளிக்கூடமும் இல்லை. பிள்ளைகள் வேனில் டவுனுக்கு வந்துவிடுகிறார்கள், அந்தக் கட்டடம் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி ஆகிவிட்டது.

இன்னொன்றும் மறைந்தது. அதை மட்டும் நான் நேரில் பார்த்தேன். பள்ளி திறந்த அன்று பழனிச்சாமி அண்ணன் வெறுங்கையோடு வாசலில் நின்றார். அப்போதும் அவர் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, வலது இடுப்பு வெளியே ஒதுங்கி, யாரோ ஏறி உட்கார இடம் விட்டதுபோலவே இருந்தது. வலது கை மடங்கி அந்தரத்தில் நின்றது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நாலைந்து மாதம் அவர் எங்கள் மாடிக்கு வரவில்லை. ஐப்பசி மழை விட்ட பிறகு ஒருநாள் எங்கள் மாடிப்படியில் தலையில் பூண்டு மூட்டையோடு ஒருவர் ஏறி வந்தார். யார் இந்தப் புது ஆள் என்று பார்த்தேன். பக்கத்தில் வந்து, "என்ன தங்கச்சி, தெரியலையா?" என்ற பிறகுதான் தெரிந்தது. இரண்டு கையையும் வீசி, நேராக வந்திருந்தார். காணாமல் போனவற்றில் அந்தச் சாய்வை மட்டும் நான் தேடுவதில்லை.